லாரிக்கு முன்னால் நடந்த என் மாமியார்

என் மாமியாரை நான் முதன்முதலில் பார்த்தபோது, அவர்தான் என் மாமியாராகப் போகிறவர் என்பது எனக்குத் தெரியாது. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு பேக்கரியில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சீசன் முடிந்து மழை தொடங்கிய நேரம். கடையில் ஒரு ஈ இல்லை. அறுபது வயதை நெருங்கிய ஓர் அம்மா உள்ளே வந்தார். நல்ல உயரம். சேலைக்கு மேலே ஆம்பளைகள் போடும் பழைய கோட்டு. காலில் செருப்பு இல்லை. துடைத்து வைத்த தரையில் ஈரக்கால் தடம் பதிய நடந்து வந்து, கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றார். அவரோடு பூண்டு வாசமும் புகை வாசமும் சேர்ந்து வந்தன.

"இது என்னதும்மா?"

"பிளம் கேக்கும்மா."

"அது?"

"தேங்கா பன்னு."

"அந்தா கருப்பா கெடக்கே, அது?"

"சாக்லேட். நம்ம ஊர்லயே செய்யிறது."

ஒரு தட்டு விடாமல் கேட்டார். எனக்கும் வேறு சோலி இல்லை, சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு பன்னைக் காட்டி, "இது இன்னைக்குச் சுட்டதா?" என்றார்.

முதலாளி உள்ளே இருந்தார். நான் குரலை இறக்கி, "அது நேத்து உள்ளதும்மா. இந்தப் பக்கம் இருக்கறத எடுத்துக்கோங்க. வெள்ளனே அடுப்புல இருந்து வந்தது" என்றேன்.

அவர் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "மொதலாளி திட்ட மாட்டாரா?"

"காதுல விழுந்தாத்தானே திட்டுவாரு."

அப்போது அவர் சிரித்த சிரிப்புக்கு முதலாளியே வெளியே எட்டிப் பார்த்துவிட்டார். அடிவயிற்றிலிருந்து வரும் சிரிப்பு அது. பிறகு முப்பது வருஷம் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்தேன், தோட்டத்தின் இந்த மூலையில் சிரித்தால் அந்த மூலையில் இருப்பவர்கள், "என்னவாம்?" என்று கேட்பார்கள்.

பன்னை வாங்கி அங்கேயே நின்று தின்றார். வீட்டில் யார் யார், அப்பாவுக்கு என்ன வேலை என்று விசாரித்தார். அம்மா இல்லை, அப்பா ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல்காரர், வீட்டிலும் அவர்தான் சமைப்பார் என்றேன்.

"அப்ப ஒனக்குச் சமைக்கத் தெரியாது?"

"கேக்குக்கு ஐசிங் போடத் தெரியும்."

"அத வச்சு என்ன செய்ய?" என்று சற்று யோசித்துவிட்டு, "சரி கெடக்கு. கையி ரெண்டும் நல்லாத்தான இருக்கு" என்று சொல்லிப் போய்விட்டார்.

இதென்ன பேச்சு என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எதிரே ஒரு காய்கறி லாரி நின்றது. ஓட்டுகிறவர் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைக் குனிந்து ஒளிந்துகொண்டிருந்தார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி வருகிறவர். இரண்டு வருஷமாகத் தினமும் வந்து பன் வாங்குவார். அவருக்குப் பன் பிடிக்காது என்பதையும் அதற்குள் என்னிடம் சொல்லியிருந்தார். அந்த வாரம்தான் துணிந்து தன் அம்மாவிடம் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார். அந்த அம்மா, "நாளைக்கு லாரியில எனக்கும் ஒரு எடம் போடு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், எங்கள் அடுப்படியில் பலகை போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சாக்கு உருளைக்கிழங்கு, ஒரு கட்டு மலைப்பூண்டு. அப்பா கட்லட் பொரித்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வரவே மாட்டேன் என்றார்.

"கெழங்க மசிச்சு, தூள்ல பெரட்டி, எண்ணெயில போட்டு... எங்க ஊரு கெழங்குக்கு இப்படி ஒரு யோகமாய்யா?" என்று அவர் மூன்றாவது கட்லட்டை எடுத்தார்.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "நாங்க வேதக்காரங்கம்மா, சர்ச்சுக்குப் போறவங்க. ஒங்க சனம் என்ன சொல்லும்?"

"மொதல்ல வையும். அப்புறம் எலை போட்டா வந்து திங்கும். நானும் ஒரு வாரம் என் மகன வஞ்சு பாத்தேன்யா. எளச்சுத்தான் போனான், மாறல. நேத்து வரைக்கும் எனக்கும் மனசு இல்லதான். இன்னைக்கு ஒங்க மக பழைய பன்ன எனக்கு விக்கல. அது எனக்குப் புடிச்சுப் போச்சு. ஒண்ணுதான் கவல. ஒலை வைக்கத் தெரியாதாமே?"

"என் தப்புதாம்மா. நானே சமைச்சுப் பழகிட்டேன்."

"அப்ப நீங்களும் கூட வந்துருங்க" என்று அவர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொன்னது. ஆனால் ஹாஸ்டல் லீவு விடும்போதெல்லாம் அப்பா உண்மையிலேயே வந்துவிடுவார். பிற்காலத்தில் அந்த இருவரும் அடுப்புக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, கட்லட்டுக்குச் சோம்பு போடலாமா கூடாதா என்று வாக்குவாதம் செய்வதைக் கேட்கவே பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்கள்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் நடந்தது. என் மாமியார் சொன்ன மாதிரியே அவர்கள் சனம் முதலில் வைதது, பிறகு வந்து சாப்பிட்டது.

*

அவர்கள் வீடு ஊருக்கு வெளியே, புல்வெளியை ஒட்டி இருந்தது. மூன்று பக்கமும் பேரிக்காய் மரங்கள். கல்சுவர், தகரக் கூரை. வீட்டில் பாதி அடுப்படிதான். அடுப்புக்கு மேலே குறுக்குக் கம்புகளில் பூண்டுக் கட்டுகள் வரிசையாகத் தொங்கும். புகை பட்டுப் பட்டு அவை பழுத்து நிறம் மாறியிருக்கும். என் கணவர்தான் கடைசிப் பிள்ளை. மூத்த மூன்று அண்ணன்மார், அவர்கள் மனைவி மக்கள், கவுஞ்சியில் கட்டிக்கொடுத்த நாத்தனார் வந்தால் அவரும் என்று ஒரு வேளைக்கு இருபது பேருக்குக் குறையாமல் சாப்பிடுவார்கள். என் மாமனார் குள்ளமான, அமைதியான மனிதர். யார் என்ன கேட்டாலும் "ம்" என்பார். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அத்தை பேசிவிடுவார். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைக் கூப்பிட்டது "ரொட்டிக்காரி" என்று.

போன மூன்றாம் நாள் உலை வைக்க விட்டார். அந்தப் பானை என் இடுப்பு உயரம். அரிசி எப்போது வெந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது அது கூழாகியிருந்தது. எல்லோரும் தோட்டத்திலிருந்து பசியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அத்தை பானையை எட்டிப் பார்த்தார். பிறகு கூடத்தைப் பார்த்து, "இன்னைக்குக் கஞ்சிதான். எனக்கு வயிறு சரியில்ல, நான்தான் ரொட்டிக்காரிகிட்டக் கேட்டேன். துவையல் இருக்கு, குடிங்க" என்றார்.

எல்லோரும் குடித்துவிட்டு எழுந்தார்கள். ஆனால் பொய்யை அவரால் சாயங்காலம் வரைகூடக் காப்பாற்ற முடியவில்லை. காப்பி குடிக்கும்போது சிரிப்பு பீறிட்டு, உண்மையைக் கொட்டிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விருந்தாளிக்கும் அந்தக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் பானை கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போனது.

அவர் பிறந்தது வெள்ளகவியில். கொடைக்கானலுக்குக் கீழே, ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் போக வேண்டிய ஊர் அது. அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. கோயில்கள் நிறைந்த ஊர் என்பதால் அப்படி ஒரு வழக்கம். அங்கிருந்து பதினாறு பதினேழு வயதில் இந்த மேட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், இங்கே எல்லோரும் செருப்பும் பூட்சும் போட்டுத் திரிந்தாலும் தான் மாறவில்லை. பனி பெய்து புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும் மார்கழி, தை விடியலில்கூட வெறுங்காலோடு மாட்டைப் பிடித்துக் கட்டுவார். நான் கொடைக்கானலில் வாங்கிக் கொடுத்த கம்பளி சாக்ஸை இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "காலுக்குக் கண்ணு தெரியல" என்று கழற்றி, பாலாடைக்கட்டி வடிகட்ட எடுத்துக்கொண்டார். அப்பா அவருக்குப் பழக்கிவிட்ட பாலாடைக்கட்டி அது. சாக்ஸில் வடிகட்டியது என்று தெரிந்த பிறகு அப்பா அதைத் தொடவில்லை.

வந்த புதிதில் தான் பட்ட பாட்டைப் பட்டாணி உரிக்கும்போது சொல்வார். "எங்க ஊரு மரமும் பாறையுமா இருக்கும். ஒதுங்குனா மறைவு. இங்க வந்து பாத்தா எங்கிட்டுப் பாத்தாலும் வானம். சுத்திப் புல்லு. காத்து வந்து முந்தானையப் புடுங்குது. கூரை வேஞ்சா கூரையத் தூக்கிட்டுப் போகுது. ஒரு வருசம் அழுதேன் தாயி. அப்புறம் அழுது அலுத்துப்போச்சு."

அலுத்துப்போனதும் அவர் செய்த முதல் காரியம், ஓர் எஸ்டேட் தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கிப் பேரிக் கன்றுகளை நட்டது. ஆடு கடித்தது. முள் வைத்து அடைத்தார். காற்று ஒடித்தது. கல் அடுக்கி மறைப்புக் கட்டினார். காட்டுமாடு வந்து கல்லோடு மிதித்துவிட்டுப் போனது. மறுபடி நட்டார். "காத்தோட சண்ட போடுறா" என்று ஊர் சிரித்ததாம். மாமனார் மட்டும் சிரிக்காமல், சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் சுமந்து ஊற்றினாராம். நான் வந்தபோது அந்த மரங்கள் கூரைக்கு மேலே நின்றன. ஊரில் யாரிடம் வழி கேட்டாலும் "பேரிக்கா வீடு" என்றால் போதும்.

ஒரே ஒரு கதையை மட்டும் அவர் சிரிக்காமல் சொல்வார். ரோடு வராத காலம் அது. மூன்று வயதுப் பிள்ளை ஒன்றுக்குக் காய்ச்சல். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்கள். வழியில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. பாதை தெரியாமல் யாரோ ஒருவர் வீட்டில் ஒதுங்கியிருக்கிறார்கள். மூட்டம் விலகும்போது பிள்ளைக்கு உயிர் இல்லை. "அதுக்கப்புறம் அஞ்சு பெத்தேன். இருந்தாலும் அவன் ஒருத்தன்தான" என்பார். பிறகு பட்டாணித் தொலியை மாட்டுக்குப் போட எழுந்து போய்விடுவார்.

*

கல்யாணமான வருஷம் டிசம்பர் மாதம், "ஒங்க சாமி பொறந்தநாளுக்கு என்ன செய்வீங்க?" என்று அத்தை கேட்டார். கேக், புதுத்துணி, வாசலில் ஸ்டார் என்றேன். ஸ்டார் என்றால் எப்படி என்று மாமனார் கேட்டார். அவர் முழு வாக்கியம் பேசியதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மூங்கிலைப் பிளந்து, கலர் காகிதம் ஒட்டி, அவரே ஒரு நட்சத்திரம் செய்தார். அதன் ஒரு கால் மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. பேரிமரத்தில் கட்டித் தொங்கவிட்டார்.

இது என்ன என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம், நான் சொல்லிக்கொடுத்த பிறப்புக் கதையை அத்தைதான் விளக்கினார். "நிறைமாசப் பிள்ளத்தாச்சி தாயி. ஊருக்குள்ள ஒருத்தனும் எடம் குடுக்கல. மாட்டுக் கொட்டாயில போய்ப் பெத்தா. நம்ம ஊரா இருந்தா குடுத்திருப்பமா மாட்டமா?" என்று கேட்டு நிறுத்துவார். குடுத்திருப்போம் என்று எதிரில் இருப்பவர் சொல்லாமல் விட மாட்டார். பெத்லகேமில் அந்த ராத்திரி என்ன சமைத்தார்கள் என்றும் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒரு கோழிக் குழம்பாவது வைத்திருப்பார்கள் என்று அவரே முடிவு செய்து, கோழி அடித்தார்.

அடுத்த ஐப்பசியில் நான் நிறைமாதமாக இருந்தேன். நாள் இருக்கிறது என்று நினைத்துக் கொடைக்கானலுக்குப் போகாமல் இருந்துவிட்டோம். ஒருநாள் காலையில் இடுப்பு வலி பிடித்தது. காலை பஸ் போய்விட்டது. கேரட் மூட்டை ஏற்றிய லாரி வாசலில் நின்றது. மாமனார் தன் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, குளிருக்கு என் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டார். என் கணவர் ஓட்ட, அத்தை என்னைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு உட்கார, கிளம்பினோம்.

பூம்பாறைக்கு முன்னால் வளைவுகள் தொடங்கும் இடத்தில் மூட்டம் வந்து மூடியது. பட்டப்பகலில் கண்ணாடிக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. ஹெட்லைட் போட்டால் இன்னும் மோசம். என் கணவர் லாரியை நிறுத்தினார்.

"ஒண்ணும் தெரியலம்மா. இந்தப் பக்கம் பள்ளம். கொஞ்ச நேரம் நிறுத்திட்டுப் பாப்போம்."

"நிறுத்தவா?" என்றார் அத்தை. அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. "இவள வச்சுக்கிட்டு நிறுத்தவா? ஏலே, நான் எறங்குறேன். என் முதுகப் பாத்து ஓட்டு."

என் தலையில் இருந்த வெள்ளைத் துண்டை உருவி முதுகில் விரித்துப் போட்டுக்கொண்டு இறங்கினார். லாரிக்கு முன்னால் வந்து நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நடக்க ஆரம்பித்தார்.

அந்த வெள்ளைத் துண்டைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. லாரி அதன் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தது. ஈரத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தபடி அத்தை விடாமல் கத்திக்கொண்டே போனார். "வளைவு வருது... சோத்துக்கைப் பக்கம் ஒடி... போதும் போதும்... கல்லு கெடக்கு, ஒதுங்கு... வா, வா, வெரசா வா!" எனக்கு வலி வரும்போதெல்லாம் நானும் கத்தினேன். நான் கத்தினால் அவர் இன்னும் வேகமாக நடந்தார்.

திடீரென்று நின்றார். மூட்டத்துக்குள் கறுப்பாக, ஆள் உயரத்துக்கு ஏதோ அசைந்தது. காட்டுமாடு. ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. என் கணவர், "அம்மா, ஏறும்மா!" என்று அலறினார். அத்தை ஏறவில்லை. துண்டை ஒரு உதறு உதறி, பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டுகிற அதே குரலில், "ஏ! பிள்ளத்தாச்சி வர்றா, தெரியல? வழியில நின்னுக்கிட்டு என்ன வேடிக்க? போ அங்கிட்டு!" என்றார்.

அது மூக்கால் ஒருமுறை சீறிவிட்டுப் பள்ளத்துப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நான் பட்ட அவதியைப் பார்த்து என் கணவர் பயந்து, "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

பூம்பாறை வீடுகள் தெரிந்த பிறகுதான் மூட்டம் கலைந்தது. அத்தை வந்து ஏறினார். காலில் ஓரிடத்தில் ரத்தம். மாமனாரின் துண்டாலேயே அதைத் துடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ், "செருப்ப வெளியில விட்டுட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கீழே பார்த்தார். உடனே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மத்தியானம் எங்களுக்கு மகள் பிறந்தாள். துணியில் சுற்றிக் கொடுத்த பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அத்தை அதன் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இந்தத் தடவ வந்து சேந்துட்டோம்" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிப் பிள்ளையின் நெற்றியில் விழுந்தது. அதைத் துடைக்கப் போன கையைப் பிள்ளை பிடித்துக்கொண்டது. "பிடி நல்லா கெட்டியா இருக்கு" என்று சொல்லி, பழைய குரலுக்குத் திரும்பி, எனக்கு ஏன் இன்னும் காப்பி கொடுக்கவில்லை என்று வார்டையே ஒரு பிடி பிடித்தார்.

*

மாமனார் இறந்த பிறகு அண்ணன்மார் தனித்தனியாகப் போக ஆசைப்பட்டார்கள். கேட்கத்தான் யாருக்கும் தைரியமில்லை. அத்தைக்கு அது தெரிந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குழம்பை ஊற்றியபடியே, "மேக்க உள்ள மூணு பாத்தி பெரியவனுக்கு, ஓடையோரம் அடுத்தவனுக்கு" என்று நான்கு பேருக்கும் பிரித்துச் சொல்லிவிட்டார். யாரும் இலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஒனக்கும்மா?" என்று மூத்தவர் கேட்டார்.

"எனக்கு இந்த அடுப்பும் மரமும் போதும். அவுக அவுக வீட்ல பொங்கித் தின்னுங்க. இனி ஒங்களுக்கெல்லாம் வடிச்சுக் கொட்ட என்னால முடியாது."

அவரவர் வீடு கட்டினார்கள். அடுப்பு வைத்தார்கள். ஆனால் மூத்த ஓரகத்தி குழம்புக்குப் புளி கேட்டு வருவார், அப்படியே உட்கார்ந்துவிடுவார். அடுத்தவர் விறகு ஈரமாக இருக்கிறதென்று பானையோடு வருவார். கொஞ்ச நாளில் பழையபடி எல்லோரும் அத்தை அடுப்படியில்தான் இருந்தோம். அத்தை தினமும், "தனியாப் போங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்று சத்தம் போடுவார். சத்தம் போட்டுக்கொண்டே பெரிய பானையை எடுத்து வைப்பார்.

கேஸ் அடுப்பு வந்தபோது இரண்டு வருஷம் அதன்மேல் உப்புச் சாடியை வைத்திருந்தார். பிறகு ஒரு மழைக்காலக் காலையில், யாரும் எழுவதற்கு முன் தனக்குக் கடுங்காப்பி போட அதைப் பற்றவைக்கலாம் என்று கண்டுபிடித்தார். அதோடு உப்புச் சாடி ஜன்னலுக்குப் போனது. கேஸில் யாராவது சோறு வைத்தால் மட்டும், "அதுல வெந்தது சோறா?" என்பார்.

மன்னவனூர் ஏரியையும் ஆட்டுப் பண்ணையையும் பார்க்க டூரிஸ்டுகள் நிறைய வர ஆரம்பித்ததும், நானும் என் கணவரும் வீட்டின் பக்கவாட்டில் இரண்டு ரூம் போட்டு ஹோம்ஸ்டே ஆக்கினோம். அப்போது அத்தைக்கு எண்பது வயது. வருகிறவர்களை கெஸ்ட் என்று நாங்கள் நினைத்தோம், அவர் சம்பந்தி வீட்டுக்காரர்கள் என்று நினைத்தார். சாப்பிட்டது போதும் என்றால் விட மாட்டார். மெல்லிய சட்டையோடு வந்தவர்களைத் திட்டிக் கம்பளி போர்த்திவிடுவார். சும்மா உட்கார்ந்திருந்தால் கையில் பட்டாணியைக் கொடுத்து உரிக்கச் சொல்வார். ரூம் எடுத்துத் தங்க வந்தவர்களிடம் வேலை வாங்குகிறாரே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒருமுறை சென்னையிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி வந்தது. வந்ததிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் அத்தை ஒரு சாக்குப் பட்டாணியைக் கொண்டுபோய் அவர்களுக்கு நடுவில் கொட்டினார். அந்தப் பையன் கொஞ்ச நேரம் உரித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனான். பெண்தான் முழுவதையும் உரித்தாள். உரித்துக்கொண்டே அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஹனிமூனுக்கு எங்கே போகலாம் என்று தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டிக்கெட் போட்டுவிட்டானாம். அவளுக்குக் கடலுக்குப் போக ஆசையாம்.

அத்தை அவன் தோளைத் தட்டி எழுப்பினார். "ஏப்பா, இந்தப் புள்ள கடலுக்குப் போகணுங்குது. நான் இந்த வயசு வரைக்கும் கடலப் பாத்ததில்ல. ஏன்னு கேளு. எங்க ஊட்டுக்காரரு என்னக் கேக்கவே இல்ல. நல்ல மனுசன்தான், ஆனா கேக்கல. நீயாவது கேளு."

அவன் முழித்தான். பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்குப் போகும்போது இரண்டு பேரும் அத்தையைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த என் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த வாரமே ஒரு வேன் பிடித்து, ஓரகத்திமார், பிள்ளைகள் எல்லோருமாக அத்தையை ராமேஸ்வரத்துக்கு அழைத்துப்போனோம்.

கடலைப் பார்த்ததும் என்ன சொல்வார் என்று எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். முழங்கால்வரை இறங்கி நின்றார். ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார்.

"இம்புட்டு உப்ப யாருடி போட்டது? ரொட்டிக்காரியா?"

கரையில் இருந்த தெரியாத சனம்கூடச் சிரித்தது. அன்று முழுவதும் அவரைத் தண்ணீரிலிருந்து வெளியே கூட்டிவர முடியவில்லை.

*

கடைசி வருஷம் அவரால் நடக்க முடியவில்லை. கட்டிலை அடுப்படியிலேயே போடச் சொன்னார். அங்கிருந்தபடி எல்லோரையும் ஏவினார். வலி என்று சொல்ல மாட்டார். "இந்தக் காலு வேல நிறுத்தம் பண்ணுது" என்பார். பூண்டு அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு முற்பகல். எல்லோரும் தோட்டத்தில் இருந்தார்கள். நான் அடுப்பில் பருப்பு வைத்திருந்தேன்.

"பெருங்காயம் போட்டியா?" என்று கேட்டார்.

"போட்டுட்டேன் அத்த."

"வாசம் வரலையே."

டப்பாவைக் கொண்டுபோய் மூக்கருகே காட்டினேன். "ம்" என்றார், மாமனார் மாதிரி. கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்துப் பருப்பைக் கடைந்தேன். கடைந்து முடித்துத் திரும்பும்போது அவர் இல்லை. நான் உடனே யாரையும் கூப்பிடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, அவர் காலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாறை மாதிரி காய்த்துப்போன பாதம். சூடு இருந்தது. பிறகுதான் வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தேன்.

இழவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பது வழக்கம். ஆனால் மேல்மலை ஊர்களிலிருந்தெல்லாம் சனம் வந்துகொண்டே இருந்தது. கவுஞ்சி நாத்தனார் அழுதுகொண்டே எழுந்து, "எங்கம்மா வீட்டுக்கு வந்தவுக பசியோட போறதா? அவ எந்திரிச்சு வந்து நம்மள மிதிப்பா" என்றார். பக்கத்து வீட்டு வாசலில் கல் கூட்டி ஊர்ப் பெண்கள் உலை வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு அத்தை கதை சொன்னார்கள். என் கஞ்சிக் கதையை எனக்குத் தெரியாத ஓர் ஆள் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கணக்கில் பானை லாரி அளவு இருந்தது. அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. அவர் இடத்துக்கு யார் வருவது என்று யாரும் பேசவில்லை, தானாகப் பங்கு பிரிந்துவிட்டது. திட்டுவது மூத்த ஓரகத்தியின் வேலை. நன்றாகத் திட்டுகிறார், குரல் மட்டும் ஓடைவரைதான் எட்டுகிறது. மாடுகளுக்கும் கோழிகளுக்கும் மற்ற இரண்டு ஓரகத்திமார். கெஸ்ட்டுகள் என் பொறுப்பு. நானும் அவர்கள் கையில் பட்டாணியைக் கொடுக்கத் தொடங்கிவிட்டேன், இப்போது கூச்சம் வருவதில்லை. மதுரையில் வேலை பார்க்கும் என் மகள் இந்த வாரம் வந்திருக்கிறாள். காப்பி போட அவள் கேஸைப் பற்றவைக்க, ஓரகத்தி விறகு அடுப்பில் பால் வைக்க, எது முதலில் கொதிக்கும் என்று இரண்டு பேருக்கும் போட்டி. என் கணவர் இரண்டு காப்பியையும் குடித்துவிட்டு, தீர்ப்புச் சொல்லாமல் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.